ஒரு ஷில்லிங்குக்கு ஒரு சமையல் புத்தகம் – அலெக்சிஸ் சோயரின் கதை

எளிமையான, செலவு குறைந்த வீட்டுச் சமையல் குறிப்புகள் இந்த இதழுக்கு வேண்டும் என்று நம் சங்கத்தின் செய்திமடல் குழு கேட்டிருந்தது. எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு குறிப்புதான் இருக்கிறது. அதைக் கடைசியில் தருகிறேன். அதற்கு முன், அந்தக் குறிப்புக்கு மூலகாரணமான ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இறந்து 160 வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. தன் காலத்தில் இங்கிலாந்தில் அவரைத் தெரியாதவர்களே இல்லை. இன்று நம்மில் பலருக்கு அவர் பெயர் புதிதாக இருக்கலாம்.

வங்கியில் முப்பது வருஷங்களுக்கு மேல் லெட்ஜரோடு காலம் தள்ளியவன் நான். எதை எடுத்தாலும் முதலில் விலையைப் பார்ப்பது என் பழக்கம். இவர் எழுதிய மூன்று புத்தகங்களின் விலையைப் பாருங்கள். 1846ல் வந்த பெரிய புத்தகத்தின் விலை ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். 1847ல் வந்த சின்னப் புத்தகம் 6 பென்ஸ், அதாவது அரை ஷில்லிங். 1854ல் வந்தது ஒரு ஷில்லிங். அந்தக் காலத்துக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

பொதுவாக ஒருவருக்குப் பெயர் ஏற ஏற அவருடைய சரக்கின் விலையும் ஏறும். இவர் விஷயத்தில் பெயர் ஏறியது, விலை இறங்கியது. அது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மணியடித்த பையன்

அலெக்சிஸ் சோயர் 1810 பிப்ரவரியில் பிரான்ஸில், பாரிஸுக்குக் கிழக்கே உள்ள மோ என்ற ஊரில் பிறந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஸ்வாயே’ என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ‘சோயர்’ ஆகிவிட்டது. அப்பா ஒரு காலத்தில் மளிகைக் கடை நடத்தியவர். வசதியான குடும்பம் இல்லை. பையன் பாதிரியாராக வரட்டும் என்று பெற்றோர் ஆசைப்பட்டுத் தேவாலயப் பள்ளியில் சேர்த்தார்கள். நல்ல குரல், அதனால் பாடகர் குழுவிலும் இடம் கிடைத்தது. ஒரு நள்ளிரவில் விளையாட்டாகத் தேவாலய மணியை அடித்து ஊரையே எழுப்பிவிட்டதாகவும், அதற்காகப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டதாகவும் சொல்வார்கள்.

பாரிஸில் அவருடைய அண்ணன் பிலிப் சமையல்காரராக இருந்தார். 1821ல் தம்பியும் அங்கே போய்ச் சேர்ந்தார். எடுபிடியாக ஆரம்பித்துத் தொழில் கற்று, சில வருஷங்களில் பெயர்பெற்ற ஓர் உணவகத்தில் பெரிய பொறுப்புக்கு வந்துவிட்டார். 1830ல் பிரெஞ்சு அரசின் முதன்மை அமைச்சர் பொலின்யாக்கின் சமையலறையில் வேலை. அந்த வருஷம் ஜூலையில் புரட்சி வெடித்தது. விருந்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த சமையலறைக்குள் கூட்டம் புகுந்தது. கூட வேலை செய்தவர்கள் இருவர் கொல்லப்பட, இவர் புரட்சிப் பாடலை உரக்கப் பாடித் தப்பித்தார் என்பது கதை. பாடகர் குழுவில் பழகிய குரல் அன்று உயிரைக் காப்பாற்றியது.

அடுத்த வருஷமே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார். அண்ணன் பிலிப் அதற்குள் லண்டனில் கேம்பிரிட்ஜ் கோமகன் வீட்டில் இருந்தார். அங்கே தொடங்கி, சில வருஷங்கள் பிரபுக்களின் வீடுகளில் மாறி மாறிச் சமைத்தார்.

எம்மாவும் சமையலறையும்

தன்னை ஓவியமாக வரைந்துகொள்ள ஆசைப்பட்டு சிமோனோ என்ற ஓவியரிடம் போனார் சோயர். அந்த ஓவியரின் வளர்ப்பு மகள் எம்மா. சிறு வயதிலேயே ஓவியத்தில் பெயரெடுத்தவர். சமையல்காரனுக்கா பெண் கொடுப்பது என்று வீட்டில் தயக்கம் இருந்தது. இருந்தாலும் 1837 ஏப்ரலில் திருமணம் நடந்தது.

அதே வருஷம் லண்டனின் ரிஃபார்ம் கிளப்பில் தலைமைச் சமையல்காரர் வேலையும் கிடைத்தது. தாராளவாத அரசியல்வாதிகள் கூடும் கிளப் அது. 1838 ஜூன் 28ஆம் தேதி விக்டோரியா மகாராணி முடிசூடிய நாளில் 2,000 பேருக்குக் காலை விருந்து சமைத்துக் காட்டினார். கிளப்புக்குப் புதுக் கட்டடம் எழுந்தபோது கட்டடக் கலைஞர் சார்லஸ் பேரியோடு உட்கார்ந்து சமையலறையை வடிவமைத்தார். 1841ல் அது திறந்தது. நிலக்கரிப் புகையே சமையலறை என்றிருந்த நாளில் அங்கே எரிவாயு அடுப்பு. வேண்டும்போது கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாதபோது அணைக்கலாம். நாம் தினமும் யோசிக்காமல் திருப்புகிற குமிழ் அன்று ஊர் கூடி வேடிக்கை பார்க்கிற அதிசயம். சமையலறையைப் பார்க்கவே பெரிய மனிதர்கள் வந்தார்கள். அவர் அங்கே உருவாக்கிய ஆட்டிறைச்சி கட்லெட்டுக்கு இன்றும் அந்தக் கிளப்பின் பெயர்தான்.

ஆளும் விசித்திரமானவர். சட்டை, கோட்டு எதையும் நேராகத் தைக்கவிடமாட்டார். எல்லாம் கோணலாக, குறுக்கு வெட்டாக இருக்க வேண்டும். தொப்பியும் சாய்வு. பெயர் அச்சடித்த அட்டைகூட நாலு மூலையும் நேராக இருக்காது. விளம்பரப் பிரியர் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அது பொய்யும் இல்லை.

1842 ஆகஸ்டில் அவர் பிரஸ்ஸல்ஸுக்குப் போயிருந்த நேரத்தில் எம்மா பிரசவச் சிக்கலில் இறந்துபோனார். திரும்பி வந்தவர் கென்சல் கிரீன் கல்லறையில் மனைவிக்குப் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார். மறுபடி திருமணம் செய்துகொள்ளவில்லை. முழு நேரமும் சமையலறைதான்.

பிரமிடும் பஞ்சமும்

1846ஆம் வருஷம் இவருக்கு உச்சம். கிட்டத்தட்ட 2,000 குறிப்புகள் அடங்கிய கினி விலைப் புத்தகம் வெளிவந்தது. ஜூலையில் எகிப்திலிருந்து வந்த இப்ராஹிம் பாஷாவுக்குக் கிளப்பில் விருந்து. 150 பேர். கடைசியில் மேசைக்கு வந்தது பிரமிடு வடிவத்தில் இரண்டரை அடி உயர இனிப்பு. லண்டன் முழுவதும் அதே பேச்சு.

அதே கோடையில் பக்கத்துத் தீவான அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் இரண்டாம் வருஷமாக அழுகியது. முந்தைய வருஷமே நோய் வந்திருந்தது. இந்த முறை ஏறக்குறைய முழுச் சாகுபடியும் போய்விட்டது. ஐரிஷ் கூலித் தொழிலாளிக்கு உருளைக்கிழங்கு என்பது பொரியலோ கறியோ அல்ல. நமக்குச் சோறு எப்படியோ அப்படி. ஒரு ஆள் நாளுக்கு நான்கைந்து கிலோ தின்பான். கூடக் கொஞ்சம் மோர். வேறு சாப்பாடு வாங்கக் கையில் காசு கிடையாது. பஞ்சம் முடிவதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டுப் போனார்கள்.

1847 தொடக்கத்தில் சோயர் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தார். மிகக் குறைந்த செலவில் ஏராளமானவர்களுக்குச் சூப் காய்ச்ச முடியும், வழி எனக்குத் தெரியும் என்பது அவர் வாதம். காய்கறித் தோல், வெங்காயத் தாளின் பச்சை நுனி, செலரி இலை என்று குப்பைக்குப் போகிறவற்றையெல்லாம் பானைக்குள் போடச் சொன்னார். அரசாங்கமும் அப்போதுதான் இலவசச் சூப் வழங்கச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அவரை டப்ளினுக்கு அழைத்தார்கள். கிளப்பில் விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினார். பிரமிடு விருந்து முடிந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

டப்ளினில் ராணுவக் குடியிருப்புக்கு எதிரே மரத்தாலும் துணியாலும் ஒரு கொட்டகை போட்டார். நடுவில் 300 காலன் கொள்ளும் கொதிகலன். காலன் என்பது நாலரை லிட்டர். ஆகவே 1,350 லிட்டருக்கும் மேல். சுற்றிலும் நீண்ட மேசைகளில் கிண்ணங்கள் பதித்திருக்கும். கரண்டிகள் சங்கிலியில் கட்டியிருக்கும். ஒரு பந்திக்கு நூறு பேர். மணி அடித்ததும் உள்ளே வந்து உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி மணி அடித்தால் இன்னொரு வாசல் வழியாக வெளியேற வேண்டும். போகும்போது கையில் கொஞ்சம் ரொட்டி. ஒரு பந்திக்கு ஆறு நிமிஷம். நம் கல்யாணப் பந்தியில்கூட இலைக்குப் பின்னால் வந்து நிற்பவர்கள் இதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தருவார்கள்.

நாளொன்றுக்குச் சராசரியாக 8,750 பேருக்கு உணவு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் நடுவரை மொத்தம் சுமார் 11 லட்சத்து 47 ஆயிரம் வேளை. இதைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். அதுவரை அரசாங்கம் கஞ்சி ஊற்றக்கூடத் தயங்கிக்கொண்டிருந்த நாடு அது.

ஆனால் இரண்டு விஷயங்களில் அவர் பெயர் கெட்டது. முதலாவது திறப்பு விழா. ஏப்ரல் 5ஆம் தேதி டப்ளின் சீமான்களும் சீமாட்டிகளும் அழைக்கப்பட்டார்கள். பிறகு தலைக்கு 5 ஷில்லிங் கட்டினால் ஏழைகள் சாப்பிடுவதைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. வசூலான பணம் தருமத்துக்குத்தான் போனது. இருந்தும், பசித்தவன் சாப்பிடுவதை டிக்கெட் போட்டு வேடிக்கை பார்ப்பதா என்று ஐரிஷ் பத்திரிகைகள் கொதித்தன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

இரண்டாவது, சூப்பே. மருத்துவ இதழான லான்செட் அவருடைய குறிப்பை எடுத்துவைத்து, இது வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது என்ற வகையில் விமர்சித்தது. யார் சொன்னது சரி? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

லண்டனில் அவர் வெளியிட்ட முதல் சூப்பின் அளவு இது. தண்ணீர் 2 காலன். மாட்டிறைச்சி கால் பவுண்டு. கொழுப்பு 2 அவுன்ஸ். கோதுமை மாவு அரைப் பவுண்டு. பார்லி அரைப் பவுண்டு. வெங்காயம் இரண்டு, கொஞ்சம் காய்கறி. உப்பு 3 அவுன்ஸ், சர்க்கரை அரை அவுன்ஸ். இதை எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வரும். பெரிய கிண்ணம்தான். ஆனால் அந்த ஒரு லிட்டரில் ஓர் ஆளுக்குக் கிடைப்பது மாவு 28 கிராம், பார்லி 28 கிராம், கொழுப்பு 7 கிராம், இறைச்சி 14 கிராம். இறைச்சி என்பது ஒரு வாய்க்குக்கூடக் காணாது. இன்றைய அளவில் எல்லாம் சேர்த்துச் சுமார் 300 கலோரி. ரொட்டியைக் கூட்டினாலும் 600ஐத் தாண்டுவது கஷ்டம். நாளெல்லாம் மண் வெட்டுகிறவனுக்கு 2,500 ஆவது வேண்டும். முன்பு தின்ற நாலரைக் கிலோ உருளைக்கிழங்கில் 3,000க்கு மேல் இருந்தது.

ஆக, லான்செட் சொன்னதுதான் சரி. சோயருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. 6 பென்ஸ் விலையில் ஏழைகளுக்கான சமையல் புத்தகம் வெளியிட்டு, அதில் ஒரு பகுதியைத் தருமத்துக்குக் கொடுத்தார். 1848ல் எம்மாவின் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்து, வந்த பணத்தை லண்டன் ஏழைகளின் சூப்புக்குச் செலவழித்தார். அவருடைய நாக்கு ருசியை அறியும்; அந்தக் காலத்தில் ருசி இருந்தால் சத்தும் இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கும் இருந்தது. தோலையும் தாளையும் வீணாக்காதே என்றது நல்ல சிக்கனம். கால் பவுண்டு இறைச்சியை எட்டுப் பேருக்குப் பங்கு போட்டது சிக்கனம் இல்லை, பற்றாக்குறை. தட்டில் கைவைத்து மிச்சம் பிடித்தால் அது சாப்பிடுகிறவன் உடம்பிலிருந்து போகிற பணம்.

கிளப்பை விட்டு வெளியே

1849ல் நடுத்தரக் குடும்பங்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். ஹார்டென்ஸ், எலோயிஸ் என்று இரண்டு தோழிகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வது போல அமைத்திருந்தார். ஆங்கிலம் எழுதுவது அவருக்குச் சரளமாக வராது. உதவியாளர்களை வைத்துத்தான் எழுதினார். அதே வருஷம் மேசைமேலேயே வைத்துச் சமைக்கும் சிறு அடுப்பு ஒன்றையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1850ல் ரிஃபார்ம் கிளப் வேலையை விட்டார்.

1851ல் லண்டனில் உலகப் பெரும் பொருட்காட்சி. அதற்கு எதிரே கோர் ஹவுஸ் என்ற மாளிகையை எடுத்து, எல்லா நாட்டு உணவும் கிடைக்கும் ஒரு பிரம்மாண்ட உணவகம் திறந்தார். கூட்டம் வந்தது, கணக்கு வரவில்லை. முடிவில் சுமார் 7,000 பவுண்டு நஷ்டம். அந்நாளில் அது ஒரு குடும்பம் தலைமுறைக்கும் சாப்பிடக்கூடிய தொகை. பத்து பேருக்கு அளந்து சமைப்பதில் சூரர், தன் வரவு செலவில் அத்தனை கவனம் இல்லாதவர். சமையல்காரர்கள் பலர் அப்படித்தான்.

அதன் பிறகு தன் சிறு அடுப்போடு நாட்டைச் சுற்றினார். மாளிகைகளுக்கு மட்டும் அல்ல, தொழிலாளர் குடிசைகளுக்கும், மருத்துவமனைகளுக்கும் போய்ப் பார்த்தார். இங்கிலாந்தின் ஏழை வீட்டுச் சமையல் எப்படி நடக்கிறது என்பதை அடுப்படிக்கே போய்த் தெரிந்துகொண்டார். அதில் பிறந்ததுதான் 1854ல் வந்த ஒரு ஷில்லிங் புத்தகம்.

ஒரு ஷில்லிங் புத்தகம்

இதிலும் ஹார்டென்ஸ் கடிதம் எழுதுகிறாள். ஆனால் இந்த முறை அவள் பார்ப்பது ஒரே அறை, ஒரே கணப்பு, ஒரே பானை உள்ள வீடுகளை. அங்கே அடுப்பு என்று தனியாகக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தட்டில் அடுக்கித் தெருமுனை ரொட்டிக் கடைக்காரரின் சூளையில் வேகவைத்து வாங்கி வருவது வழக்கம். அந்த வீட்டுக்காரிக்குப் பிரெஞ்சுச் சாஸ் தெரிய வேண்டியதில்லை. வேகவைப்பது எப்படி, வறுப்பது எப்படி, கொதிக்கும்போது தீயை எப்போது குறைப்பது என்பது தெரிய வேண்டும். புத்தகம் அந்த அடிப்படைகளிலிருந்துதான் தொடங்குகிறது.

பிறகு மலிவான பொருட்கள். கசாப்புக் கடையில் யாரும் விரும்பி வாங்காத கன்னம், கால், தலை இவற்றை மெதுவாக நெடுநேரம் வேகவைத்துப் பக்குவமாக்கும் வழி. பட்டாணிப் பருப்பும், சேமியாவும், அரிசியும் கொண்டு வயிறு நிறையும் பதார்த்தங்கள். லண்டன் யூதர்கள் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் மீனைக்கூட எழுதிவைத்திருக்கிறார். இறைச்சி, உருளைக்கிழங்கு, இனிப்பு எல்லாம் ஒரே பாத்திரத்தில் ஒரே தீயில் வேகும்படி ஒரு மூடிய பாத்திரத்தையும் வடிவமைத்தார். நம் குக்கரில் அடுக்கடுக்காகச் சோறும் பருப்பும் காயும் வைப்போமே, அதே யோசனை.

அவர் ஓயாமல் சொன்னது ஒன்று: வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே. இறைச்சியும் காயும் வெந்த தண்ணீரை வடித்துச் சாக்கடையில் ஊற்றுவது ஆங்கிலேயர் வழக்கம். சத்தில் பாதி அதோடு போகிறது என்பது அவர் ஆதங்கம். இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது அந்தப் புத்தகம். கினி புத்தகம் வாங்க முடியாத இரண்டு லட்சம் வீடுகள் என்று இதைப் படிக்க வேண்டும்.

கட்டளை மாறவில்லை, சமையல் மாறியது

அப்போது கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. குண்டடிபட்டு இறந்தவர்களைவிட நோயில் இறந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதிகம். இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதியான ஸ்கூட்டாரியில் இருந்த ராணுவ மருத்துவமனைக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854 நவம்பரில் போய்ச் சேர்ந்திருந்தார். சமையல் அங்கே அவருக்குப் பெரிய தலைவலி. 1855 பிப்ரவரியில் சோயர் பத்திரிகைக்கு எழுதினார்: நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம் என்று. அரசாங்கம் வழிச் செலவை ஏற்றது. மார்ச்சில் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் பார்த்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு வார்டுக்கும் உரிய இறைச்சியைப் பலகையில் இறுகக் கட்டி, அடையாளத்துக்குக் கந்தல் துணி, பழைய ஆணி, பொத்தான் என்று எதையாவது சேர்த்துக் கட்டிப் பெரிய செப்புக் கொப்பரைகளில் போடுவார்கள். வெளிப்புறம் கரைந்துபோகும், நடுவில் பச்சையாக இருக்கும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். அதே கொப்பரையில் தேயிலையைத் துணியில் முடிந்து போட்டுத் தேநீரும் தயாராகும். செப்புப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசி எத்தனை நாளோ. சமைக்கிற சிப்பாய்கள் அடிக்கடி மாறிக்கொண்டே இருப்பார்கள். யாரும் கற்றுக்கொள்வதற்குள் அடுத்தவன் வந்துவிடுவான்.

சோயர் கூடுதல் ரேஷன் கேட்கவில்லை. இருந்த இறைச்சி, இருந்த காய்கறி, இருந்த அரிசி. இறைச்சியை இறுகக் கட்டாமல் தளர்வாக வைக்கச் சொன்னார். வெந்த தண்ணீரைச் சூப்பாக்கினார். மேலே மிதந்த கொழுப்பை வழித்து எடுத்து அடுத்த வேளைச் சமையலுக்கு வைத்துக்கொண்டார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசவைத்தார். தேநீருக்கென்று தனிப் பாத்திரம் வடிவமைத்தார். சிப்பாய்களில் சிலரை நிரந்தரச் சமையல்காரர்களாக்கிப் பயிற்சி தந்து, அளவுகளை அச்சடித்துச் சுவரில் தொங்கவிட்டார். நோயாளிகளுக்குக் கஞ்சியும் அரிசித் தண்ணீரும் பார்லித் தண்ணீரும் தனியாக. அரசாங்கக் கட்டளைப்படி வந்த சாமான் மாறவில்லை. நோயாளி வயிற்றுக்குப் போன சாப்பாடு மாறியது.

டப்ளினில் அவர் மிச்சம் பிடித்தது தட்டிலிருந்து. ஸ்கூட்டாரியில் மிச்சம் பிடித்தது சாக்கடைக்குப் போன தண்ணீரிலிருந்தும் வீணாய் எரிந்த தீயிலிருந்தும். செலவு குறைந்த சமையல் என்றால் எது என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த இரண்டு ஊர்களையும்தான் சொல்வேன்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்முனையில் விறகுக்குப் பஞ்சம். ஆளுக்கு ஒரு தகரக் குவளையில் திறந்த வெளியில் தீ மூட்டிச் சிப்பாய்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சோயர் பீப்பாய் போன்ற ஓர் அடுப்பை உருவாக்கினார். கீழே உள்ளுக்குள் எரியும் தீ, மேலே மூடியுள்ள அண்டா. சுமார் 50 பேருக்குச் சமைக்கலாம். வெட்டவெளித் தீயோடு ஒப்பிட்டால் கொஞ்சம் விறகு போதும். மழையிலும் எரியும், இரவில் வெளிச்சம் எதிரிக்குத் தெரியாது. 1855 ஆகஸ்டில் தளபதிகள் முன்னிலையில் சமைத்துக் காட்டினார். அவர் பெயர் தாங்கிய அந்த அடுப்பைப் பிரிட்டிஷ் ராணுவம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பயன்படுத்தியது.

கடைசி வருஷங்கள்

கிரிமியாவில் காய்ச்சல் அவரையும் விடவில்லை. பிழைத்தார், ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. 1857ல் போர்க்களச் சமையல் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 1858ல் லண்டனில் வெலிங்டன் ராணுவக் குடியிருப்பில் ஒரு மாதிரிச் சமையலறை அமைத்துக் கொடுத்தார். அது திறந்த சில நாட்களிலேயே, 1858 ஆகஸ்ட் 5ஆம் தேதி இறந்துபோனார். வயது 48. பெரிதாகச் சொத்து எதுவும் விட்டுப் போகவில்லை. கென்சல் கிரீனில் எம்மாவுக்காக எழுப்பிய அதே கல்லறையில் அவரையும் அடக்கம் செய்தார்கள். அவருடைய இடத்தை நிரப்ப ஆளில்லை என்று நைட்டிங்கேல் வருந்தினார். வெற்றுப் புகழ்ச்சி பேசும் பழக்கம் நைட்டிங்கேலுக்குக் கிடையாது.

என் பங்குக்கு ஒரு குறிப்பு

சோயரின் முதல் சூப்பை எடுத்துக்கொண்டு, இறைச்சியை நீக்கி, லான்செட் காட்டிய குறையைப் பருப்பால் நிரப்பி எங்கள் வீட்டில் செய்து பார்த்தது இது. நான்கு பேருக்கு இரவுச் சாப்பாடு.

கால் டம்ளர் பார்லியை இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். அரை டம்ளர் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக்கொள்ளுங்கள். பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் ஒன்று தோலோடு, முட்டைக்கோஸின் நடுத்தண்டு, காலிஃப்ளவர் தண்டு, கொத்தமல்லிக் காம்பு என்று வழக்கமாகக் குப்பைக்குப் போகிறவற்றை நன்றாகக் கழுவிப் பொடியாக நறுக்குங்கள். எல்லாவற்றையும் ஆறு டம்ளர் தண்ணீரோடு குக்கரில் வைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிஷம் விடுங்கள்.

இரண்டு டீஸ்பூன் நெய்யில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைச் சிவக்க வறுத்து, கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வெந்ததில் ஊற்றி ஐந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். உப்பு, மிளகுத்தூள், சோயர் போட்டது போலவே ஒரு சிட்டிகை சர்க்கரை. புளிப்பு வேண்டுமானால் இறக்கியதும் எலுமிச்சம்பழம் அரை மூடி.

அவருடைய சூப்பில் ஓர் ஆளுக்கு 14 கிராம் இறைச்சி வந்தது. இதில் ஓர் ஆளுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் பருப்பு வரும். இரண்டு ரொட்டித் துண்டோ, ஒரு சப்பாத்தியோ கூட வைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம். வயதானவர்களுக்கும் காய்ச்சலில் படுத்தவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். நாளை காலை காய் நறுக்கும்போது தண்டுகளை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளில் ஒரு குக்கருக்குச் சேர்ந்துவிடும்.